வளைவு விடாத மூலை

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் கூடங்களுக்கு நடுவே எங்கள் பட்டறை இருந்தது. ஷாஃப்ட் வேலைதான் எங்களுக்குச் சோறு. எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற தண்டு அது. நடுவில் குழாய், இரண்டு முனையிலும் எஃகுத் துண்டு. துண்டைக் கடைவது நான். அதைக் குழாயோடு வெல்டு வைப்பது என் மனைவியின் தம்பி. நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். காலையில் லேத்துக்குத் திருநீறு பூசாமல் சுவிட்சைத் தொட்டதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. அந்தத் திருநீறு என்னை எதிலிருந்தும் தடுக்கவில்லை.

எண்பதுகளில் ஒரு மாசி மாதம், சேலத்தில் பொறியியல் படிக்கும் மாணவர்கள் மூன்று பேர் வந்தார்கள். தாங்களே ஒரு பந்தயக் கார் கட்டுகிறார்களாம். பழைய கார் எஞ்சினைப் பின்பக்கம் தூக்கி வைத்துவிட்டதால் கடையில் விற்கிற ஷாஃப்ட் எதுவும் அளவுக்கு ஒத்துவரவில்லை என்றார்கள்.

மச்சினன் அவர்களை விடவில்லை. "ஏனுங்க சாமி, இதுல எத்தன மூட்டை ஏத்துவீங்க?"

"ஒரே ஒரு ஆளுதாங்க."

"ஒரு ஆளு போறதுக்கு இவ்வளவு பாடா? சேலத்துல பஸ்ஸே இல்லீங்களா?"

எல்லாரும் சிரித்தோம். வேலையை எடுத்துக்கொண்டோம்.

கட்டம் போட்ட தாளில் பென்சிலால் படம் வரைந்து கொடுத்திருந்தார்கள். முனைத்துண்டில் தடிமன் குறைகிற இடத்தில், மூலையில், சின்னதாக ஒரு வளைவு இருந்தது. லாரிக்கு வரும் துண்டுகள் அச்சிலேயே அடித்து வருபவை. அந்த இடத்தை நாங்கள் தொடுவதில்லை. முழுக் கம்பியிலிருந்து நான் கடைந்த முதல் துண்டு இதுதான். வளைவைப் பார்த்ததும் பென்சில் நழுவிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். கேட்டிருக்கலாம். படித்த பிள்ளைகளிடம் கேட்க வெட்கம். கருவியைத் தீட்டி, நகம் வைத்தால் நிற்கிற மாதிரி மூலையைக் கூராக வெட்டினேன். துடைத்துவிட்டு நானே இரண்டு தரம் திருப்பிப் பார்த்து ரசித்தேன்.

பங்குனி முடிவதற்குள் அவர்களில் இருவர் திரும்பி வந்தார்கள். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஓட்டிப் பாக்கறப்ப ஷாஃப்ட் உடைஞ்சிருச்சுங்க. வண்டி சுத்திப் போய் ஓரத்துல வச்சிருந்த டிரம்ல மோதிருச்சு. ஓட்டினவனுக்குக் கால்ல ரெண்டு எலும்பு போச்சுங்க."

"எந்த எடத்துல உடைஞ்சுது?" என்றேன்.

"முனைகிட்டங்க."

முனைகிட்ட என்றால் வெல்டுதானே. மச்சினனைத் திரும்பிப் பார்த்தேன். பாடி கட்டுகிற ஆட்கள், இரண்டு லாரி முதலாளிகள் என்று பத்துப் பேர் அதற்குள் கூடிவிட்டார்கள்.

"என்ற வெல்டு உடாதுங்க மச்சான்" என்றான் அவன்.

"அப்ப என் கடைசல் உட்டுருச்சா?"

யாரும் என்னைச் சொல்லவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. தெருமுனை அம்மன் கோயிலுக்கு விறுவிறுவென்று நடந்தேன். எல்லாரும் பின்னால் வந்தார்கள். சூடத்தை ஏற்றி, "என் கடைசல்ல குத்தமில்லை, தாயே" என்று சொல்லிக் கையால் அடித்து அணைத்தேன். பிறகு மச்சினனிடம், "நீயும் அடி" என்றேன்.

அவன் அசையவில்லை. "உடைஞ்சத நீங்களும் பாக்கல, நானும் பாக்கல. பாக்காததுக்கு எதுக்குங்க சாமிய இழுக்கறது?"

அவன் சொன்னதுதான் பக்தி. அன்று அது யாருக்கும் தெரியவில்லை. சூடம் அடிக்க மறுத்தவன் குற்றவாளி, அவ்வளவுதான். அவன் பட்டறைக்குத் திரும்பி, வெல்டிங் கண்ணாடியை எடுத்துத் தோள் துண்டில் சுற்றிக்கொண்டு போனான். வீட்டில் என் மனைவி ஒரே வார்த்தைதான் கேட்டாள்: "சாமி மேல சத்தியம் பண்ணுனீங்களா?" ஆமாம் என்றேன். அன்றோடு அவள் தம்பி பேச்சை எடுப்பதை நிறுத்தினாள்.

வைகாசியில் மாணவர்கள் உடைந்த துண்டையே எடுத்து வந்தார்கள். அப்போது பட்டறையில் நான் மட்டும்தான் இருந்தேன். வெல்டு ஒரு மயிரிழைகூட விலகவில்லை. நான் வெட்டிய மூலையில், கத்தி வைத்த மாதிரி, தண்டு சுற்றிலும் அறுந்திருந்தது. ஒருவன் கை துடைக்கிற துணியை எடுத்து, ஓரத்தில் நகத்தால் சின்னதாகக் கீறிவிட்டு இழுத்தான். கீறிய இடத்திலேயே சர்ரென்று கிழிந்தது.

"கூர் மூலையும் இப்படித்தாங்க. அதுக்குத்தான் வளைவு போட்டிருந்தோம். பரவாயில்லைங்க, நாங்களும் சொல்லியிருக்கணும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

துண்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பள்ளிபாளையம் போனேன். அங்கே ஒரு தறிக்கூடத்துக்கு எதிரில் மச்சினன் வெல்டிங் கடை போட்டிருந்தான். "மாப்ளே, தப்பு என்மேலதான்" என்று நீட்டினேன். அவன் கட்டை விரலால் வெல்டைத் தடவினான். "நிக்குதுங்களே" என்றான். டீ வாங்கித் தந்தான். குடித்து முடித்ததும் டம்ளரை வாங்கி வைத்தான்.

"சூடத்தப் பத்துப் பேரு பாக்க அணைச்சீங்க. இத மட்டும் என்ற காதுல வந்து சொல்றீங்க."

"என்ன பண்ணச் சொல்றே?"

"அதே எடத்துல, அதே ஆளுக முன்னால சொல்லுங்க. அடுத்த நாளே வாரேன்."

சரி என்றுதான் வந்தேன். வரும் வெள்ளிக்கிழமை சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு ஆடி போகட்டும் என்று நினைத்தேன். என் கடைசலில் உடைந்தது என்று தெரிந்தால் லாரி முதலாளிகள் அடுத்த பட்டறைக்குப் போய்விடுவார்கள் என்ற கணக்கு உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. வெள்ளிதோறும் அதே கோயிலுக்குப் போனேன், விளக்குப் போட்டேன், வாயைத் திறக்காமல் வந்தேன். மனைவியிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவளே போய் அம்மன் முன்னால் நின்று கத்துவாள் என்று தெரியும்.

இரண்டு வருடம் கழித்துச் சின்ன மகளுக்குக் காது குத்து. அதே கோயில். அந்தப் பத்துப் பேரில் பாதிப் பேர் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டு, "தாய்மாமன் வந்து உக்காருங்க" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி சொன்னாள்: "எனக்குக் கூடப் பொறந்தவன் இல்லீங்க."

ஆசாரி என்னைப் பார்த்தார். அம்மனுக்கு முன்னால் சூடம் எரிந்துகொண்டிருந்தது.

"அப்ப அப்பா மடியிலயே உக்கார வைங்க" என்றார். உட்கார வைத்துக்கொண்டேன். குழந்தை துடிக்காமல் இருக்க அவள் தலையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.