ஒரே ஒரு இஸ்பேட்

இன்று சரஸ்வதிபுரத்துக் கிளப்பில் பிரிட்ஜ் சீட்டாட்டம் ஆடப் போனேன். பக்கத்து வீட்டு ரேகா ஆன்ட்டியின் ஆட்ட ஜோடி வரவில்லை. ஃபோனில் மட்டுமே ஆடிய என்னை அழைத்துப்போனார்.

என் இடப்பக்கம் இருந்த எதிராளி அங்கிள், "யாவ காலேஜம்மா?" என்று கன்னடத்தில் எந்தக் காலேஜ் என்று கேட்டார்.

ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன் என்றேன். அவர் அவசரமாகச் சீட்டைக் கலைக்கத் தொடங்கினார்.

அந்த நேரம் பார்த்து ஆன்ட்டி, "நான் ஒன் நோ-ட்ரம்ப் சொன்னா ட்ரான்ஸ்பர்தானே ஆடுவே, கண்ணு?" என்றார். அப்படியென்றால் என்னவென்றே தெரியாது, ஆனால் மறுபடியும் ஒரு 'இல்லை' சொல்ல வெட்கம். தலையாட்டினேன்.

அவர் ஒன் நோ-ட்ரம்ப், அதாவது துருப்பே இல்லாத ஆட்டம், என்று ஏலம் சொன்னார். என்னிடம் ஹார்ட்டின் சீட்டு ஆறு இருந்தன. "டூ ஹார்ட்ஸ்" என்றேன்.

ட்ரான்ஸ்பரில் அதற்கு, என்னிடம் இஸ்பேட் நிறைய இருக்கிறது என்று அர்த்தமாம். ஆன்ட்டி எதிராளிகளிடம் அதை விளக்கிவிட்டு, "டூ ஸ்பேட்ஸ்" என்றார், அதாவது இஸ்பேட்தான் துருப்பு. நான் பயந்து பாஸ் சொன்னேன்.

இனி அவர் ஆட வேண்டும், நான் என் சீட்டையெல்லாம் மேஜைமேல் விரித்து வைக்க வேண்டும். வைத்தேன். இஸ்பேட் ஒன்றே ஒன்று.

ஆன்ட்டி அதையே பார்த்தார். "தேங்க் யூ, பார்ட்னர்" என்றார். எப்படிப்பட்ட சீட்டுக்கும் அப்படிச் சொல்வது அங்கே வழக்கமாம்.

அது தெரியாமல் நான், "பரவாயில்ல ஆன்ட்டி" என்றேன்.

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் காது இன்னும் எரிகிறது. அடுத்த வாரமும் ஆன்ட்டி வரச் சொல்லியிருக்கிறார். எந்த முகத்தோடு போவது, நீங்களே சொல்லுங்கள்.