எக்ஸ்ரே படிப்பும் இரண்டு வருடமும்

ஓஹையோ மருத்துவமனையொன்றில் சக்கர நாற்காலி தள்ளும் ட்வைலாவுக்கு எக்ஸ்ரே படிக்க ஆசை. தனியார் கல்லூரியில் உடனே இடம் உண்டு, ஆனால் ஐம்பதாயிரம் டாலர் கடன். அரசுக் கல்லூரியில் கடன் சொற்பம்; இடம் கிடைக்க இரண்டு வருடம் ஆகும். அவளுக்கு வயது நாற்பத்தொன்று.

அங்கே யாரும் யாருடைய சம்பளத்தையும் கேட்பதில்லை. எக்ஸ்ரே எடுக்கும் டேரலிடம், அவனோடு வேலை செய்யும் மார்லீனும் பக்கத்தில் இருக்க, அவள் கேட்டே விட்டாள்.

"மார்லீனுக்கும் எனக்கும் ஒரே சம்பளந்தான். அவ அரசுக் கல்லூரி, நான் தனியார்."

"நீ முன்னாடியே வேலைக்கு வந்துட்டியே?"

"வந்தேன். வட்டி எனக்கும் முன்னாடி வந்து நின்னுச்சு!"

மார்லீன் சிரித்தாள். "அவன் காரைப் பாரு, கதவைக் கயித்தால கட்டியிருக்கான்."

காத்திருப்பது புத்திசாலித்தனம் என்று ட்வைலாவுக்குத் தோன்றவில்லை. மலிவு என்றுதான் தோன்றியது. மதிய இடைவேளையில் அரசுக் கல்லூரிக்குப் போன் செய்து பெயரைக் கொடுத்தாள்.