பஞ்சக்கா தேர்ந்தெடுத்த ஜாக்

இரண்டாயிரத்து எண்ணூற்று அறுபது கிலோ. கட்டில், தண்ணீர்த் தொட்டி, அடுப்பு, இரண்டு பேருக்கான துணிமணி எல்லாம் ஏற்றிய பிறகு எடைமேடையில் அந்த கேம்பர் வேன் காட்டிய எடை அது. அதன் சொந்தக்காரி நாற்பத்தொன்பது கிலோ. மெத்தைத் தொழிற்சாலையில் எல்லாரும் அவரைப் பஞ்சக்கா என்று கூப்பிடுகிறார்கள். ஆள் இலேசு என்பதாலா, வேலை பஞ்சோடு என்பதாலா என்று கேட்டால், "ரெண்டும்தான். சட்டுனு பத்திக்குவேன், அதையும் சேத்துக்கோங்க" என்கிறார்.

மெத்தைகளை அமுக்கிப் பார்ப்பது அவர் வேலை. புது மெத்தையின் மேல் இரும்பு எடைகளை அடுக்கிவிட்டுப் போய்விடுவார். மறுநாள் எடைகளை இறக்கி, மெத்தை மெல்ல மூச்சு வாங்கிப் பழைய உயரத்துக்கு எழுகிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். எழாதது திரும்பிப் போகும். ஊரில் பாதிப் பேர் அவர் அமுக்கிப் பார்த்த மெத்தையில் தூங்குகிறார்கள். அவருக்கு மட்டும் தூக்கம் வராது. வீடு லாரிகள் போகும் சாலையோரம். கண்ணை மூடினால் ஜன்னல் கம்பி அதிரும்.

அவருடைய கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். ரொட்டிக் கடை ஒன்று கழித்துக் கட்டிய வேனை அவர் ஓட்டிவந்து, வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் தளத்தில் நிறுத்திய மதியம், பஞ்சக்கா வெறும் தகரத் தரையில் சும்மா சாய்ந்தார். உள்ளே இன்னும் ரொட்டி வாசனை. கூரையில் மரநிழல் தண்ணீர் போல ஆடியது. கண் விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கடலுக்கு அடியில் செருப்பில்லாமல் நடந்துபோனதாகவும், கால் நனையவே இல்லை என்றும் கணவரிடம் சொன்னார். அன்றைக்கே முடிவாகிவிட்டது. உள்ளே கட்டிலும் அடுப்பும் பொருத்துவது, பள்ளி விடுமுறை விட்டதும் இந்த வண்டியில் கிளம்புவது, பிடித்த இடத்தில் நிறுத்தித் தூங்குவது.

ஒரே ஒரு இடைஞ்சல். கட்டிலுக்கு நேர் கீழே சைலன்சர் குழாயில் ஓட்டை. வண்டி ஓடினால் புகை உள்ளே வந்து தங்கிவிடுகிறது. அந்தப் புகையோடு கண் அயர்ந்தால் எழுந்திருப்பது உறுதியில்லை. குழாயை மாற்றக் கணவருக்குத் தெரியும். ஆனால் அதற்கு அவர் அத்தனை எடைக்கும் அடியில் போய்ப் படுக்க வேண்டும்.

வண்டியைத் தூக்கக் கணவர் எங்கிருந்தோ ஒரு ஜாக் கொண்டுவந்தார். சின்னக் காருக்கானது. உயரம் போதாமல் அதன் தலையில் ஒரு மரக்கட்டையை வைத்தார்.

"கட்டைய எடுங்க," என்றார் பஞ்சக்கா.

"எல்லாரும் இப்படித்தான் வைக்கிறாங்கம்மா."

"எல்லாரும் என் புருஷன் இல்ல. எடுங்க."

மறுநாள் இருவரும் கருவிக் கடையில் நின்றார்கள். சக்கரம் வைத்த ட்ராலி ஜாக்குகள் நீண்ட கழுத்தைத் தாழ்த்திக்கொண்டு, குளக்கரையில் உறங்கும் பறவைகளைப் போல வரிசையாக இருந்தன. கடைக்காரர் ஒன்றை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினார்.

"ரெண்டு டன்க்கா. பூ மாதிரி இருக்கும்."

பஞ்சக்கா பையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தார். அதில் இரண்டு முடிச்சு. "மொத முடிச்சு, வண்டியில ஜாக் வைக்கிற எடத்தோட உசரம். ரெண்டாவது, அது எவ்ளோ ஏறணும்ங்கறது."

"அவ்ளோ ஏறணுமா?"

"இவர் தொப்ப உள்ள போகணுமே, தம்பி."

"கடையில வந்து இதெல்லாம் சொல்லணுமா?" என்றார் கணவர்.

பூ மாதிரியான ஜாக் முழுதாக நிமிர்ந்தும் இரண்டாம் முடிச்சை எட்டவில்லை. மூன்று டன் ஜாக் ஒன்று எட்டியது. அகலமான இரும்புச் சக்கரங்கள், கனத்த உடம்பு. அதைக் கடை வாசலில் நின்ற சரக்கு வேனுக்குக் கொடுத்துத் தூக்கச் சொன்னார் பஞ்சக்கா.

"தூக்கியாச்சு. இறக்கிடவாக்கா?"

"இருக்கட்டும். எறங்குதான்னு பாக்கணும்."

டீ வந்தது. கணவரும் கடைக்காரரும் குடித்தார்கள். பஞ்சக்கா குத்துக்காலிட்டு, வேனின் விளிம்பில் கயிற்றைப் பிடித்தபடி, தொழிற்சாலையில் இருப்பதைப் போலவே அசையாமல் இருந்தார். வேன் இறங்கவில்லை. எண்ணெய் கசியவில்லை. கைப்பிடியைத் திருப்பியதும் பெருமூச்சு விடுவதைப் போல நிதானமாகத் தரைக்கு வந்தது.

"நல்ல சாமான்தான். ஆனா இத நம்பி அடியில போயிடாதீங்கண்ணே," என்றார் கடைக்காரர். "இது தூக்கத்தான். தாங்கறதுக்கு ஸ்டாண்டு வேணும்."

"ஜாக்குக்கே துணைக்கு ஆள் வேணுமா?" என்றார் கணவர்.

"ஸ்டாண்டு வைக்கிற வரைக்கும் ஒரு விரல்கூட உள்ள போகக் கூடாது," என்றார் பஞ்சக்கா. "சம்மதமா?"

"சம்மதம்."

"தம்பி, நீங்கதான் சாட்சி."

பஞ்சக்கா வீட்டில் எந்தச் சாமானின் காலும் தரையைத் தொடாது. மேசை, தையல் மெஷின், ஃபிரிட்ஜ், எல்லாவற்றுக்கும் அடியில் தொழிற்சாலையில் மிஞ்சிய ஃபோம் துண்டு இருக்கும். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. இரும்புச் சக்கரம் சிமெண்டில் உருண்டால் கிறீச்சிடும் என்று, வாங்கிவந்த ஜாக்குக்கு அடியிலும் கெட்டி ஃபோம் ஒன்றை விரித்தார். இருவருக்கும் அது பெரிய விஷயமாகவே படவில்லை.

முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தாயிற்று. கணவர் கைப்பிடியை அமுக்க அமுக்க, வண்டியின் பின்பக்கம் கனவில் எழுவதைப் போலச் சத்தமில்லாமல் எழுந்தது. பஞ்சக்கா ஸ்டாண்டை எடுக்கத் திரும்பினார். ஜாக்கின் தலை சறுக்கியது. வண்டி தொப்பென்று தன் சக்கரங்களின் மேல் விழுந்தது. உள்ளே தட்டுகள் உருண்டன. குழந்தை அழத் தொடங்கியது.

வண்டிக்கு அடியில் யாரும் இல்லை.

கணவர் கைப்பிடியை விடாமல் நின்றார். "வேணாம்மா. இதத் திருப்பிக் குடுத்துடலாம். லீவுக்கு வீட்லயே இருப்போம்."

பஞ்சக்கா ஃபோமை இழுத்து மடியில் போட்டுப் பார்த்தார். அமுங்கிய பள்ளங்களைப் படிப்பதுதானே அவர் பிழைப்பு. ஜாக்கின் நான்கு சக்கரங்களுக்கும் நான்கு குழிகள். ஒவ்வொன்றும் அச்சில் வார்த்தது போல. எந்தக் குழியிலிருந்தும் தடம் கிளம்பவில்லை.

"இங்க பாருங்க. சக்கரம் உருளவே இல்ல."

ட்ராலி ஜாக்கின் கை நேராக ஏறாது, வளைந்து ஏறும். ஏற ஏற அதன் தலை பின்வாங்கும். அதற்கு ஈடாக ஜாக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே உருண்டுபோக வேண்டும். ஃபோம் சக்கரங்களைப் பிடித்துக்கொண்டது. தலை இடம்விட்டு இழுபட்டது.

"ஜாக் மேல தப்பு இல்ல. அதையும் மெத்தையில படுக்க வெச்சேன் பாருங்க, நான்தான்."

கணவர் அவரையே பார்த்தார். "நல்லவேளை, தலகாணி வைக்கல."

ஜாக்கின் தலையும் கழுத்தும் வளைந்திருக்கிறதா, எண்ணெய் கசிகிறதா என்று தடவித் தடவிப் பார்த்தபின், வெறும் சிமெண்டில் மறுபடி தூக்கினார்கள். ஜாக் கிறீச்சிட்டபடி, கட்டிலுக்கு அடியில் நுழையும் பூனையைப் போலத் தானாக உள்ளே ஊர்ந்தது. ஸ்டாண்டுகளை வைத்து, உயரத்தைப் பூட்டும் பின்களைச் செருகி, வண்டியை அவற்றின் மேல் இறக்கினார்கள். பஞ்சக்கா முழு பலத்தோடு வண்டியைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை.

"இப்பப் போங்க."

கணவரின் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. பஞ்சக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவர் கணுக்காலில் ஒரு கையை வைத்துக்கொண்டார். வெயில் இதமாக இருந்தது. கீழே ஸ்பேனர் எங்கோ தொலைவில் தட்டுவது போலக் கேட்டது. வேலை முடிந்த பிறகும் கணவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. காலை இழுத்தால் பஞ்சக்கா விழித்துவிடுவார்.

நேற்று ஜன்னல்களை மூடிக்கொண்டு ஊரைச் சுற்றி ஓட்டிப் பார்த்தார்கள். உள்ளே புகை வரவில்லை. சனிக்கிழமை காலை கிளம்புகிறார்கள்.