நித்தியகல்யாணி இலை அரைப்பவள்

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளை எல்லோரும் "அம்மிக்காரி" என்றுதான் கூப்பிடுவார்கள். நித்தியகல்யாணி இலையை உறைகுளிரில் போட்டு உரலில் பொடிப்பது அவள் வேலை. துளி சூடு பட்டால் போச்சு, இலைக்குள் உட்கார்ந்து மருந்தைச் சமைக்கிற நொதிகள் கெட்டுவிடும். அந்த நொதிகளைப் பிரித்தெடுத்து, ரத்தப் புற்றுநோய் மருந்தைச் செடியே இல்லாமல் செய்யப் பார்க்கிறார்கள். பார்க்கிறார்கள், பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அவள் தலை நரைத்ததுதான் மிச்சம்.

பாழாய்ப்போன அந்த நோய் அவள் தம்பிக்கே வந்தது. அதே மருந்துதான் ஏற்றினார்கள், உடம்பும் தேறி வந்தது. திடீரென்று ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். மருந்து வரவில்லையாம்.

தம்பி பெண்டாட்டி ஓடி வந்தாள். "அண்ணி, மூட்டை மூட்டையா அரைக்கிறீங்க. ஒரு கைப்பிடி கொண்டாரக் கூடாதா?"

"அடி பைத்தியமே, ஒரு மூட்டை இலைக்குக் கடுகளவு மருந்து தேறாது. அந்த நொதிங்க செஞ்சு வைக்கிறது எல்லாமே மருந்து இல்ல, பாதி விஷம். பச்சையா குடிச்சா இருக்கிற உயிரும் போயிடும்."

"உங்க கூடப்பிறந்தவர் அண்ணி."

"அதனாலதான்டி தரமாட்டேன்."

அந்தச் செடிக்கா பஞ்சம்? சாக்கடையோரம்கூடப் பூத்துக் கிடக்கும். அடுத்த வாரம் தம்பிக்கு வாந்தி நிற்கவில்லை, கை கால் இழுத்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்ததும், மாற்றுத்துணி எடுக்க இவள்தான் அவன் வீட்டுக்கு வந்தாள். சமையலறையில் மிக்ஸி ஜாரில் பச்சைச் சக்கை. முகர்ந்து பார்க்க வேண்டுமா என்ன, அவளுக்குத் தெரியாத வாசமா? உடனே டாக்டருக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவர்களும் என்னென்னமோ செய்தார்கள். விடிவதற்குள் அவன் போய்விட்டான்.

"மருந்து நின்னதுல நோயும் மறுபடி முத்தியிருந்தது, இலையும் சேர்ந்துக்கிச்சு. அவர் மனைவிகிட்ட நான் சொல்லட்டுமா?" என்று டாக்டர் கேட்டார்.

"வேண்டாம் சார். ரெண்டு பிள்ளைங்கள வளர்க்கணும் அவ."

சொந்தபந்தம் கூடியிருந்த வீட்டில் தம்பி பெண்டாட்டி அவளைப் பார்த்ததும் எழுந்து வந்து தோளைப் பிடித்து உலுக்கினாள். "மருந்தைக் கையில வெச்சுக்கிட்டே கொன்னுட்டியே பாவி! நான் தேடிப் பறிச்சுக் குடுக்கிறதுக்குள்ள நேரம் கடந்துபோச்சே! அன்னைக்கே நீ குடுத்திருந்தா பிழைச்சிருப்பாரே!"

கூட்டமே இவளைப் பார்த்தது.

"ஆமாடி," என்றாள். "நான் குடுத்திருக்கணும்."