மிஸ் கேட்ட அட்டை

யுத்தத்தின் கடைசி வருடங்களில் ஒன்று. கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதி என்னும் நெடுஞ்சாலையிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் அப்போது குடியிருந்தேன். எனக்கு வயது நாற்பத்திரண்டு; என் மூக்குக் கண்ணாடிக்கு மைனஸ் எட்டு. கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பது மனைவியா அலுமாரியா என்பதைக் குரல் வந்த பிறகுதான் தீர்மானிப்பேன்.

ஒருநாள் விடியற்காலையில் இராணுவத்தினர் ஒழுங்கையைச் சுற்றிவளைத்து, ஆண்களையெல்லாம் வீதிக்கு வரச்சொன்னார்கள். அவசரத்தில் கைக்கு அகப்பட்ட கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். அது மனைவியுடையது, ஓரங்களில் கல் வைத்தது. இராணுவச் சிப்பாய் என் அடையாள அட்டையையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு போகச்சொன்னான். கண்ணுக்கு லேசர் சிகிச்சை செய்யப்போவதற்கு அதுதான் காரணமென்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மைக் காரணம், கண்ணாடி இல்லாவிட்டால் நான் அழகன் என்ற நம்பிக்கை. கண்ணாடி இல்லாமல் என் முகத்தை நான் தெளிவாகப் பார்த்ததே இல்லையாதலால், அந்த நம்பிக்கைக்கு எந்தச் சேதமும் வந்திருக்கவில்லை.

ஒழுங்கை முனையில் ஒரு டொக்டர் டிஸ்பென்சரி வைத்திருந்தார். வருடச் சந்தா கட்டி அங்கத்தவரானால், தடிமன் காய்ச்சலிலிருந்து ஒப்பரேசன் வரை அவர் பொறுப்பு. தான் செய்யாத வைத்தியத்துக்கும் யாரிடம் போவது, போய்வந்த பின் என்ன செய்வது என்று கடைசிவரை கூட நிற்பார். நான் தும்மலுக்கு மேல் எதற்கும் அந்தத் திட்டத்தைப் பயன்படுத்தியதில்லை. இம்முறை சீனி, பிரஷர் எல்லாம் பார்த்து, கண் சத்திரசிகிச்சை நிபுணருக்குக் கடிதம் எழுதி, நாளும் எடுத்துத் தந்தார். மனைவி கனடாவிலுள்ள தமையன் வீட்டுக்குப் போயிருந்தபடியால், என்னைக் கூட்டிப்போய் வரவும் வீட்டில் சொட்டு மருந்து விடவும் டிஸ்பென்சரியில் எல்லோரும் மிஸ் என்று கூப்பிடும் தாதியையே அனுப்பினார்.

மிஸ்ஸுக்கு மலையகத்தில் ஹட்டன் பக்கம். என் வயதுதான் இருக்கும். இரண்டு வருடமாக எனக்கு நம்பர் துண்டு தருபவர் அவர். என்னிடம் அங்கத்தவர் அட்டையைக் கேட்டதே இல்லை. வாசலில் என் செருப்புச் சத்தம் கேட்டாலே என் மருத்துவக் கோப்பை எடுத்துவிடுவார்.

சிகிச்சை சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. ஒரு வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். மயிர் கருகுவதுபோல ஒரு மணம் வந்தது. பிறகு இரு கண்களுக்கும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் மூடி, அதற்குமேல் கறுப்புக் கண்ணாடி. கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்டதுபோல உறுத்தியது. மிஸ் என் முழங்கையைப் பிடித்து ஓட்டோவில் ஏற்றினார்.

காலி வீதிச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். அடையாள அட்டையில் தடித்த கண்ணாடியோடு ஒரு ஆள். ஓட்டோவில் மூடி போட்ட வேறொரு ஆள். சிப்பாய்க்குச் சந்தேகம் வந்தது நியாயம். மிஸ் இறங்கி, நல்ல சிங்களத்தில், டொக்டரின் கடிதத்தைக் காட்டிப் பேசினார். இவர் எங்கள் அங்கத்தவர், இரண்டு வருடமாக எனக்குத் தெரியும், இவர்தான் அவர், நான் பொறுப்பு என்றார். அட்டை என் கைக்குத் திரும்பி வந்தது.

அடுத்தது மிஸ்ஸின் அட்டை. அதில் ஹட்டன் விலாசம். கொழும்பில் தங்கியிருப்பதற்கான பொலிஸ் பதிவு, கொட்டாஞ்சேனையில் அவர் முன்பு இருந்த அறைக்கு. டிஸ்பென்சரிக்குக் கிட்ட ஒரு அறைக்குப் போன கிழமைதான் மாறி வந்திருந்தார். புதுப் பதிவு இன்னும் கிடைக்கவில்லை. சிப்பாய் என் பக்கம் குனிந்து, இவரை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டான்.

பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதங்கள் எழுதுபவன் நான். துணிவு பற்றியே இரண்டு எழுதியிருக்கிறேன். அவ்வளவு பழக்கமில்லை, டிஸ்பென்சரியில் அனுப்பினார்கள், என்று சொன்னேன். எனக்கு அரைகுறைச் சிங்களம்தான். ஆனால் அந்த வசனம் மட்டும் ஒரு பிழையில்லாமல் வந்தது.

மிஸ் பக்கத்திலேயே நின்றார். அவரை விசாரணைக்குப் பொலிசுக்கு வரச்சொன்னார்கள். மருந்துப் பையை என் மடியில் வைத்துவிட்டு அவர்களோடு நடந்தார். நான் சாரதியிடம், “யமு மல்லி” என்றேன். போவோம் தம்பி என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்து எனக்கு நானே மருந்து விடப் பார்த்தேன். மூக்குக்கு இரண்டு சொட்டு, காதுக்கு ஒன்று. அதன் பிறகுதான் டொக்டருக்கு போன் எடுத்தேன். மிஸ்ஸுக்காக எடுத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மருந்து விட வேறு யாரையாவது அனுப்ப முடியுமா என்று கேட்கத்தான் எடுத்தேன். மிஸ் எங்கே என்றார். சொன்னேன்.

“அவங்கள் கேட்க நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“கண் எரியுது, டொக்டர்” என்றேன்.

அவர் போனை வைத்துவிட்டார். காத்திருந்த நோயாளிகளை அப்படியே விட்டுவிட்டு, மிஸ்ஸின் நியமனக் கடிதத்தோடு பொலிசுக்குப் போனார் என்று பின்னர் அறிந்தேன். எனக்கோ சுவர் மணிக்கூட்டின் சத்தத்தைக் கேட்டபடி கிடப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. மிஸ்ஸை விடாவிட்டால் என்ன செய்வேன் என்று யோசித்தேன். எதுவும் செய்யமாட்டேன் என்பது அன்று எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது.

பின்னேரம் ஐந்து மணியளவில் கதவு தட்டினார்கள். மிஸ்.

“நேரம் பிந்திருச்சுங்க சார். அண்ணாந்து படுங்க.”

மூடிகளைக் கழற்றினார். போத்தல் நுனியில் ஒரு சொட்டு தொங்கியது. அதற்குப் பின்னால் அவர் முகம். கண்ணாடி இல்லாமல் வாழ்க்கையில் நான் தெளிவாகப் பார்த்த முதல் முகம். களைத்துப்போய், நெற்றிப் பொட்டு பாதி அழிந்து, ஆனால் சொட்டில் மட்டும் கவனமாக இருந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். வாய் திறந்த அளவுக்குக் கண்ணும் கலங்கியது.

“அழாதீங்க சார்” என்றார். “மருந்து வெளிய போயிரும்.”

மறுநாள் காலை பரிசோதனைக்காக டிஸ்பென்சரிக்குப் போனேன். என் செருப்புச் சத்தம் கேட்டும் மிஸ் கோப்பை எடுக்கவில்லை. நிமிர்ந்து பார்த்து, “அட்டை இருக்குங்களா சார்?” என்றார்.

நான் சட்டைப் பைகளைத் தடவினேன். இரண்டு வருடத்தில் ஒருநாளும் கொண்டுபோகாத அட்டை.

“அவ்வளவு பழக்கமில்லாதவங்ககிட்ட கேட்கணும்ங்க” என்றார், மரியாதையாக. வீட்டுக்குத் திரும்பிப் போய் எடுத்துவந்து கொடுத்தேன். ஒவ்வொரு எழுத்தாக வாசித்துவிட்டு நம்பர் துண்டைத் தந்தார். உள்ளே டொக்டர் சுவரிலிருந்த எழுத்துகளைக் காட்டினார். கடைசி வரிவரை வாசித்தேன். பார்வை குறையில்லை என்று எழுதினார். என் முகத்தைப் பார்க்காமல்தான் எழுதினார்.

இப்போதெல்லாம் யாராவது ஒருவரைக் காட்டி இவரைத் தெரியுமா என்று கேட்டால், கேள்வி முடியும் முன்பே ஓம், நல்லாத் தெரியும் என்று சொல்லிவிடுகிறேன். நேற்றுச் சந்தித்தவர்களுக்குக்கூட நற்சான்றிதழ் கொடுக்கிறேன் என்று மனைவி ஏசுகிறாள். எத்தனை பேருக்குச் சொன்னாலும், அன்று காலி வீதியில் ஒருவருக்குச் சொல்லாமல் விட்ட அந்த ஒரு ‘ஓம்’ இன்னும் என் தொண்டையில்தான் நிற்கிறது.