சேக்காட்டில் ஒரு கயானா எழுத்தாளரின் சிவப்புக் கோடு

ஆவடிக்கெல்லாம் யாராவது சுற்றிப் பார்க்கப் போவார்களா என்று சிரிக்காதீர்கள். நான்கு மாதத்தில் நான் இரண்டு முறை போய்விட்டேன். இரண்டாவது பயணம் சென்ற மாதம், இரண்டாம் சனிக்கிழமை. மனசே இல்லாமல் கிளம்பிப் பெருமையோடு ஊர் திரும்பிய கதை இது.

காரணம் ரோஸ்லின் முனியன். கயானா நாட்டு எழுத்தாளர். அவருடைய கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்ட வேலைக்காகச் சென்னையில் கப்பலேறியவர். கப்பல் சீட்டில் சொந்த ஊர் நூம்பல் என்று இருந்தது. அந்த ஊரைத் தேடி வந்த ரோஸ்லின், ஆவடி சேக்காட்டில் தனபாக்கியம் அக்கா வீட்டு மாடியில் ஒரு வருடம் குடியிருந்தார். ஜார்ஜ்டவுனுக்குத் திரும்பிய பிறகு வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து அவருடைய தாள்களெல்லாம் வீணாயின. அதன் பிறகு எந்த வரைவை எழுதினாலும் ஒரு படியைச் சேக்காட்டுக்குத் தபாலில் அனுப்பிவிடுவார். போன வருடம் அவர் இறந்துபோனார். மகள் மெலிசா அம்மாவின் கட்டுரைகளைத் தொகுக்கிறார். சேலத்தில் கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கும் நான் ரோஸ்லினோடு பல வருடம் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவள். அதனால் சேக்காட்டுத் தாள்களை ஒழுங்குபடுத்தும் வேலை என்னிடம் வந்தது.

முதல் பயணத்தில் 412 தாள்களையும் கைபேசியில் ஸ்கேன் எடுத்து அனுப்பினேன். அங்கேதான் சிக்கல் வந்தது. பல தாள்களில் மூலைக்கு மூலை சிவப்புப் பென்சில் கோடு. மற்ற கட்டுரைகளுக்குக் கோடு விழாத ஒரு கடைசி வரைவாவது இருந்தது. நூம்பல் கட்டுரைக்கு மட்டும் ஐந்து வரைவு, ஐந்திலும் கோடு. “அம்மா வேண்டாம் என்று அடித்ததை நான் அச்சிட மாட்டேன்” என்று மெலிசா எழுதிவிட்டார். நியாயம்தான், என்ன சொல்ல முடியும்? ஆனால் நம் ஊர் வருகிற ஒரே கட்டுரை அது. அக்கா வருவதும் அதில்தான். புத்தகம் அச்சுக்குப் போக ஒன்பது நாள் இருந்தது. தாள்களைப் பெட்டியில் அடுக்கவும், அக்காவிடம் இதைச் சொல்லவும்தான் போனேன்.

சேலத்திலிருந்து இரவு ரயில். காலை 6.40க்கு சென்ட்ரல். 7.15 மின்சார ரயிலில் ஆவடிக்குப் பத்து ரூபாய். எட்டு மணிக்கு இறங்கிவிட்டேன். அங்கிருந்து சேக்காடு ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூறு ரூபாய். நான்கு அட்டைப் பெட்டிகளைப் பார்த்து ஓட்டுநர் கேட்டார்: “இன்னாக்கா, ஊடு மாத்துறீங்களா?”

“காலிப் பெட்டிங்க. பழைய பேப்பர் எடுக்கப் போறேன்.”

“பழைய பேப்பருக்கா சேலத்துலேர்ந்து வந்துகினு கீறீங்க? எங்க தெருவுலயே எடைக்கு எடுப்பாங்களேக்கா!”

கயானா கதையைச் சொன்னேன். இறங்கும்போது பெட்டிகளை அவரே வாசல் வரை தூக்கிவந்து வைத்தார்.

தனபாக்கியம் அக்கா முத்தாபுதுப்பேட்டையில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். அக்கா ஆவடியில் ஒரு தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் முப்பத்தோரு வருடம் டிரேஸராக இருந்தார். பொறியாளர் போட்ட படத்தைப் பிசகில்லாமல் படியெடுக்கிற வேலை. இட்லியும் வடகறியும் சாப்பிட்டு முடிக்கும் வரை விஷயத்தைத் தள்ளிப்போட்டேன். பிறகு, ரோஸ்லினே அடித்துவிட்டதால் நூம்பல் கட்டுரை புத்தகத்தில் வராது என்று மென்று விழுங்கிச் சொன்னேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ரோஸ் அடிச்சாளா? யார் சொன்னா? அது நான் போட்ட கோடும்மா!”

கோடு விழுந்த தாள் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

“புது டிராயிங் வந்துச்சின்னா பழசுல குறுக்கால சிவப்புக் கோடு போட்டுடணும். இல்லாங்காட்டி எவனாச்சும் பழச பாத்து பீஸ் வெட்டிடுவான். போட்டவ கையெழுத்து ஓரத்துல இருக்கணும். ரோஸ் புதுசு அனுப்பறப்பல்லாம் பழசுக்கு அதான் பண்ணேன். தோ பாரு, இருக்குதா?”

இருந்தது. ஒவ்வொரு தாளின் வலது கீழ் மூலையிலும் கடுகளவு எழுத்தில் ‘த.பா.’, பக்கத்தில் தேதி. என் ஸ்கேனில் அது இல்லை. படம் சுத்தமாக வரட்டும் என்று ஓரத்தை வெட்டும் வசதியைப் போட்டுவைத்த புத்திசாலி நான்தான். இருபது வருட நூலக அனுபவம்!

“சரிக்கா, கடைசி வரைவுல ஏன் கோடு? அதுக்கு அப்புறம் எதுவும் வரலையே?”

அக்கா முகம் வாடிவிட்டது. “போன் பண்ணாம்மா. ஒரே ஒரு பத்தி சேக்கணும், புதுசு அனுப்புறேன்னா. அதான் வரப்போவுதேன்னு முன்னாடியே கோடு இழுத்துட்டேன். அது வர்றதுக்குள்ள அவ போயிட்டா. கைக்கு வராம போடவே கூடாது. சர்வீஸ்ல ஒரு தபா கூட அப்டி பண்ணதில்ல. ரோசுக்குப் போயி பண்ணிட்டேனே.”

நடந்ததை எழுதி, மூலைகளைப் படமெடுத்து மெலிசாவுக்கு அனுப்பியபோது மணி பிற்பகல் 1.30. அங்கே விடிகாலை நான்கு. காத்திருந்த நேரத்தில் கட்டுரையை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். நூம்பலில் பார்ப்பவரெல்லாம் ரோஸ்லினிடம் எந்த ஊர் என்று கேட்கிறார்கள். அவர் பதிலுக்குத் திணறும்போது இளநீர்க் கடையில் அக்கா முந்திக்கொண்டு, “இவ இந்த ஊருதான், வர லேட்டாயிட்சி” என்கிறார். கட்டுரை அங்கே முடிகிறது. “நான் பேசுனத அப்டியே போட்டுகிறாளே!” என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். 

4.50க்குப் பதில் வந்தது. கட்டுரை புத்தகத்தில் வருகிறது, அதுவும் முதல் கட்டுரையாக.

இதுபோன்ற வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு: ஆவடிக்குக் காலை ரயிலே நல்லது, திரும்பும்போது 6.30க்கு மேல் நெரிசல். நூம்பலையும் பார்க்க வேண்டுமென்றால் ஆவடியிலிருந்து ஆட்டோவில் முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தாளை நான்கு ஓரமும் தெரியப் படமெடுங்கள். கோடு போட்டது யார் என்று வீட்டாரிடம் கேட்டுவிட்டுப் பிறகு முடிவுக்கு வாருங்கள். முக்கியமாக, மூலத்தாளில் யாரையும் ஒரு புள்ளிகூட வைக்க விடாதீர்கள்.

நான் விட்டேன். மெலிசாவின் பதிலைக் கேட்டதும் அக்கா நீலப் பென்சிலைச் சீவிக்கொண்டு வந்தார். ரத்தான படத்தை மறுபடி பயன்பாட்டுக்கு எடுத்தால் அதற்கும் முறை உண்டாம். கடைசி வரைவின் ஓரத்தில் சின்னதாக மூன்று கட்டம். வரைந்தவர்: ரோஸ்லின் முனியன். ஒப்புதல்: மெலிசா. சரிபார்த்தவர்: தனபாக்கியம், இந்த முறை முழுப் பெயர். தடுக்க வேண்டியவள் நான்தான். அவர் கோடு இழுத்து முடிக்கும் வரை ஸ்கேல் நகராமல் பிடித்துக்கொண்டேன்.