வெறுங்கால் ஆட்டம்

எட்டாவது வரை படித்தவள் நான். எழுதத் துணிந்ததற்கு மன்னியுங்கள்.

அறுபதுகளில், சம்பளத்துக்கு ஊர் ஊராகப் போய் ஆடும் பெண்கள் கால்பந்துக் குழு ஒன்று திண்டிவனம் வந்தது. இரண்டு அணியாகப் பிரிந்து தங்களுக்குள்ளேயே ஆடுவார்கள். அன்று ஒருத்திக்குக் காய்ச்சல். நன்றாக ஆடினால் வேலை தருவதாகச் சொல்லி மேனேஜர் என்னை இறக்கினார். எனக்கு வெறுங்காலில் ஆடித்தான் பழக்கம்.

எதிரணியில் இருந்த செண்பகம் அக்கா, பந்தோடு ஓடி வந்தவர், என் காலைப் பார்த்ததும் நின்றார். தரையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார்.

"இன்னாடி பண்றே? ஜனம் பாத்துக்கினு இருக்குது!" என்று மேனேஜர் கத்தினார்.

"இவ கால மிதிச்சுட்டா நீங்களா சார் கட்டு போடப்போறீங்க?" என்றவர், என்னிடம், "வா கண்ணு, இப்ப ஆடலாம்" என்று சிரித்தார்.

கடைசியில் ஒரே பந்துக்கு இருவரும் கால் நீட்டினோம். என் உதை பந்தில் படவில்லை. அவர் விரல்களில் பட்டது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

"பரவால்ல, நீ ஆடு" என்றார்.

ஆடினேன். வேலை கிடைக்க வேண்டும் என்பதைத் தவிர மனதில் ஒன்றுமே இல்லை. பிறகு பல வருஷம் ஆடியும், மனதில் அந்த இடம் மட்டும் மரத்துப்போயே இருக்கிறது.

மறுநாள் விழுப்புரத்தில் ஆட்டம். செண்பகம் அக்காவின் இடத்தில் என்னை இறக்கினார்கள். அவருடைய பூட்ஸ் என் காலுக்குச் சரியாக இருந்தது.